ஔவையாரைக் காணவில்லை!

ஔவையாரைக் காணவில்லை என்று யாராவது சொன்னால், 'முருகனோடு நாவல் மரத்தடியில் வாக்குவாதத்தில் இருப்பார், வந்துவிடுவார்' என்று சமாதானம் சொல்லி அனுப்பலாம். அதையே நூலகத்துக் கம்ப்யூட்டர் சொன்னால்? அது சமாதானம் ஆகிற ரகம் இல்லை. 'பூஜ்யம் புத்தகங்கள்' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும்.

இந்த வாரம் கல்லூரி, பல்கலைக்கழக நூலகங்களில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சில யோசனைகள். "பி.காம். படித்த உனக்கும் நூலகத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்பீர்கள். இருக்கிறது ஸார். ரிஜிஸ்தரில் இருக்கிற சரக்கு கடையில் இல்லாவிட்டால் அது திருட்டு. கடையில் இருக்கிற சரக்கு ரிஜிஸ்தரில் அகப்படாவிட்டால்? அதுவும் நஷ்டக் கணக்குதான். புத்தகம் அலமாரியிலேயே பத்திரமாக இருக்கும். வாசகனுக்குத்தான் இல்லாமல் போயிருக்கும்.

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். இது அவர்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கூத்து இல்லை.

ஆனி மாதம். சாரல் கட்டிவிட்டது. ஊரே தலையில் துண்டோடு மெயினருவிக்கும் ஐந்தருவிக்குமாக அலைந்துகொண்டிருக்க, எம்.ஏ. தமிழ் படிக்கிற பெண் ஒருத்தி மட்டும் கம்ப்யூட்டர் முன்னால். அம்மா பீடி சுற்றுகிறவர், அந்த வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் இவள்தான் என்று அப்புறம் தெரிந்தது. செமினாருக்கு ஔவையார் வேண்டும். மூன்று தடவை தட்டினாள். மூன்று தடவையும் பூஜ்யம்.

"நம்ம லைப்ரரில ஔவையாரே இல்ல போலிருக்கு ஸார்" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நூலக உதவியாளர் அண்ணாச்சிக்கு முப்பது வருஷ சர்வீஸ். பதறிவிட்டார். "ஏம்மா, நில்லு! இல்லாம என்ன? மூணாவது ரேக்குல வரிசையா அஞ்சு புக்கு இருக்குல்லா! நான்தான அடுக்கி வச்சேன்!" நேரே போனார், எடுத்தார், நீட்டினார். அண்ணாச்சி ஒருத்தர் இல்லாவிட்டால் அந்தப் பெண் வெறுங்கையோடு பஸ் ஏறியிருப்பாள். அவருக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் என்பதுதான் கவலைப்பட வேண்டிய சங்கதி.

ஏன் கிடைக்கவில்லை? காரணம் அற்பம். 'ஔ' என்பது ஓர் எழுத்து. டேட்டா என்ட்ரி செய்தவர் அந்த எழுத்தைத் தேடிப் பிடிக்கச் சோம்பல்பட்டு, முதலில் 'ஒ', அடுத்து 'ள' என்று இரண்டாகத் தட்டியிருக்கிறார். ஒளவையார். ஔவையார். உற்றுப் பாருங்கள், வித்தியாசம் தெரிகிறதா? நமக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்கு இருவரும் வேறு வேறு பாட்டிகள். (ஔவையார் ஒருவரா, பலரா என்று தமிழறிஞர்களுக்குள் இருக்கிற பஞ்சாயத்து தனி. முதலில் ஒருவராவது கிடைக்கட்டும்!)

'கௌரி', 'மௌனம்', 'பௌர்ணமி' எல்லாவற்றிலும் இதே தகராறு உண்டு. 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டி 'கெளரி' என்று பதிந்துவிடுவார்கள். 'ஸ்ரீ'யிலும் இரட்டைப் பிறவிகள். ஸ-வில் ஆரம்பிப்பது ஒன்று, 2005-ல் யூனிகோடில் சேர்ந்த ஶ-வில் ஆரம்பிப்பது இன்னொன்று. 'எ' என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழைத் தட்டிவிடுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

"இவ்வளவுதானே! மொத்தமாக ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டால் ஆச்சு" என்று கிளம்பிவிடாதீர்கள். ஒ-வும் ள-வும் சேர்ந்து வருகிற இடத்தையெல்லாம் ஔ ஆக்கினால், 'ஒளி' என்ற நல்ல வார்த்தை அணைந்துபோகும். 'வெ'யும் 'ள'வும் வருகிற இடத்தில் கை வைத்தால் 'வெள்ளம்' வடிந்துவிடும், 'தெளிவு'ம் கலங்கும். முழு வார்த்தையாக, 'ஒளவை' இருந்தால் 'ஔவை', 'ஒளடதம்' இருந்தால் 'ஔடதம்' என்று ஒவ்வொன்றாக மாற்றுவதே உத்தமம். அதற்கு முன்னால் ஒரு பேக்கப். அதற்கும் முன்னால் ஒரு காபி.

பல நூலகங்களில் இப்போது கோஹா என்ற இலவச மென்பொருள் ஓடுகிறது. அதன் கதை சுவாரஸ்யமானது. 2000-ம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்கள் குழம்பிவிடும் என்று உலகமே பயந்துகொண்டிருந்த 1999-ல், நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்ற ஊர்ப்பக்கத்து நூலகங்களுக்காக எழுத ஆரம்பித்தது. 2000 ஜனவரியில் ஓட ஆரம்பித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் 'கோஹா' என்றால் அன்பளிப்பு!

கோஹா வைத்திருக்கிறவர்கள், உள்ளே ஜீப்ரா என்ற தேடுபொறி இருந்தால், அது ஐ.சி.யு. முறையில் இண்டெக்ஸ் செய்கிறதா என்று கம்ப்யூட்டர்காரரிடம் கேளுங்கள். பதற வேண்டாம், ஆஸ்பத்திரி ஐ.சி.யு. இல்லை, உலக மொழிகளின் எழுத்துகளைப் புரிந்துகொள்கிற ஒரு மென்பொருள் தொகுப்பு. அது இல்லாவிட்டால் தமிழ்த் தேடலுக்கு நிஜமாகவே ஐ.சி.யு. தேவைப்படும். ஆனால் அதுவும் ஔவையாரைக் காப்பாற்றாது. தப்பாகப் பதிந்ததை மனிதர்கள்தான் திருத்த வேண்டும்.

அடுத்தது, சந்தி. 'குற்றாலம்' என்று தேடினால், மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி வராது. 'ம்' போய் 'க்' வந்துவிட்டதே! கம்ப்யூட்டர் நன்னூல் படித்ததில்லை. 'குற்றால' என்று மட்டும் அடித்துக் கடைசியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் இரண்டும் வரும். இந்த நட்சத்திர ரகசியத்தைத் தேடும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஓர் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். பைசா செலவில்லை.

நட்சத்திரத்துக்கும் அகப்படாதது 'திருக்குற்றாலம்'. முன்னால் 'திரு' நிற்கிறது. ஆங்கிலப் புத்தகத்தில் வெள்ளைக்காரன் வைத்த 'கோர்ட்டாலம்' நிற்கிறது. ஆட்களின் பெயரிலும் அப்படியே. ஒருவர் 'ரசிகமணி' என்று தேடுவார், ஒருவர் 'டி.கே.சி.' என்பார், ஒருவர் 'சிதம்பரநாத முதலியார்' என்று முழுசாக அடிப்பார். குற்றாலத்தில் வாழ்ந்த ஒரே மனிதருக்கு மூன்று கதவு. மூன்றையும் ஒரே அறைக்குத் திறக்கிற மாதிரி, 'இந்தப் பெயரா? அங்கே பார்க்க' என்று குறிப்பு போட கோஹாவிலும் வசதி உண்டு. அந்த வேலையைப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே பராக்கிரம பாண்டியன் செய்துவிட்டான். 'காசிக்குப் போக முடியவில்லையா? தென்காசியில் பார்க்க' என்று கோயிலே கட்டிவிட்டான்!

"இப்பல்லாம் பசங்க கேட்லாக்கா பாக்காங்க? ஏ.ஐ.கிட்டல்லா கேக்காங்க" என்றார் அண்ணாச்சி. வாஸ்தவம். அது கொடுத்த நூற்பட்டியலோடு மாணவர்கள் வருகிறார்கள். ஆசிரியர் பெயர், பதிப்பகம், வருஷம் எல்லாம் கச்சிதம். சில சமயம் அப்படி ஒரு புத்தகம் மட்டும் உலகத்திலேயே கிடையாது. இல்லாத புத்தகத்தை இருக்கிறது என்கிறது அது. இருக்கிற புத்தகத்தை இல்லை என்கிறது நம் கேட்லாக். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பீடி சுற்றுகிற அம்மாவின் மகள்.

இத்தனைக்கும் பணம் செலவாகாமல் இல்லை. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் மூன்று வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்வுப் பத்திரிகைகள், மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு. நல்ல காரியம். ஆம்ஸ்டர்டாமில் வெளியான கட்டுரை ரெண்டே செகண்டில் வருகிறது. காரணம், அங்கே யாரோ ஓர் ஆள் தலைப்பையும் பெயரையும் ஒழுங்காகப் பதிந்திருக்கிறார். பத்தடி தள்ளி, மூணாவது ரேக்கில் இருக்கிற ஔவையார் வரமாட்டேன் என்கிறார்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தேடினால் கிடைக்காத புத்தகம் இஷ்யூ ஆகாது. பல வருஷம் இஷ்யூ ஆகாத புத்தகத்துக்கு எங்கள் காமர்ஸ் பாஷையில் 'டெட் ஸ்டாக்' என்று பெயர். 'யாரும் கேட்பதில்லை' என்று யாராவது குறிப்பு எழுதினால் கட்டுக் கட்டி மூலையில் போட்டுவிடுவார்கள். அடுத்த பட்ஜெட்டில் அந்த மாதிரிப் புத்தகமும் வாங்கமாட்டார்கள். கேட்டவர்களுக்கு நாம் 'இல்லை' என்று சொன்னது எந்த ரிஜிஸ்தரிலும் ஏறியிருக்காது!

ஆகவே கடைசி யோசனை: ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் 'பூஜ்யம்' என்று எழுதுங்கள். தேடிக் கிடைக்காமல் போகிறவர்கள் என்ன வார்த்தை அடித்தார்கள் என்று அதில் எழுதிவிட்டுப் போகட்டும். சனிக்கிழமை மத்தியானம் ஒருமணி நேரம், அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிஜமாகவே இல்லாதது வாங்க வேண்டிய லிஸ்ட். இருந்தும் வராதது திருத்த வேண்டிய லிஸ்ட்.

சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனும் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகத்துக்கு வந்தவர்தான். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்வது. கம்ப்யூட்டர் அதற்குத்தான் வந்தது.

நாளைக் காலையில் உங்கள் நூலகத்தில் ஐந்து வார்த்தை தட்டிப் பாருங்கள்: ஔவையார், மௌனம், ஸ்ரீ, குற்றாலம், டி.கே.சி. ரெண்டுக்கு மேல் பூஜ்யம் வந்தால், புது சர்வருக்குக் கொட்டேஷன் கேட்காதீர்கள். புது சர்வரும் இதே பூஜ்யத்தைத்தான் காட்டும், கொஞ்சம் சீக்கிரமாக!