இயந்திரத்துக்கு முன் முகக்கவசம்

பொழுதுபோக்காக வீட்டிலேயே வெல்டிங் பழக விரும்புவோர் பலர் மிக் இயந்திரத்தை நாடுகின்றனர். கம்பி தானே ஊட்டப்படுவதால் கை விரைவில் பழகும் என்பது உண்மையே. ஆனால் ஆம்பியரை ஆராய்ந்து இயந்திரம் வாங்கிவிட்டு, மிஞ்சிய பணத்தில் முகக்கவசம் வாங்குவதை நாங்கள் ஏற்கவில்லை.

வெல்டிங் சுடரின் புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுடும். வலியோ சில மணி நேரம் கழித்தே, பெரும்பாலும் இரவில், தெரியவரும். அருகில் நின்று வேடிக்கை பார்க்கும் குழந்தையின் கண்ணும் தப்பாது. ஆகவே ஷேடு 10 முதல் 13 வரையிலான கண்ணாடி பொருந்திய கவசத்தையே முதலில் வாங்குங்கள்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயைத் தவிர்த்திடுங்கள், அதன் புகை காய்ச்சல் தரும். பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இயந்திரத்தை நெருங்கலாகாது. கண் உறுத்தினால் தாய்ப்பாலோ உருளைக்கிழங்கோ வேண்டா. உடனே கண் மருத்துவரிடம் வாருங்கள்.