ஓரம் தின்னும் பதிப்புகள்

பழைய நூல்களை ஸ்கேன் செய்து அப்படியே மறுஅச்சாக வெளியிடும் வழக்கம் பெருகிவிட்டது. நல்ல காரியந்தான். ஆனால் அவற்றுள் பலவற்றில் எழுத்து தாளின் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது. சில பக்கங்களில் விளிம்புக்கு அப்பாலேயே போய்விட்டது. கேட்டால், "மெஷின் அவ்வளவுதான் சார் அடிக்கும்" என்கிறார்கள்.

இயந்திரம் தன் எல்லையை மறைக்கவில்லை. லேசர் அச்சுப்பொறி சுற்றிலும் ஏறக்குறைய 4 மி.மீ. விட்டுவிடுகிறது. ஆஃப்செட்டிலும் கிரிப்பருக்கு ஒரு பக்கம் இடம் வேண்டும். விளிம்புவரை அச்சு தேவையென்றால் பெரிய தாளில், வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. நீட்டி அச்சிட்டுப் பின் வெட்டுவது அச்சகத்தில் எவரும் அறிந்த முறை. 'ஓரமில்லா அச்சு' என்று இங்க்ஜெட் காட்டும் வித்தையோ, படத்தைச் சற்றே பெருக்கி விளிம்புக்கு வெளியிலும் மையைச் சிந்துவதுதான். கடற்கரைப் புகைப்படத்தில் இரண்டு மி.மீ. மணல் போனால் குறையொன்றுமில்லை. உரைநூலில்?

தமிழெழுத்து இருபுறமும் உறுப்புகளை நீட்டுவது. வரிமுதலில் நிற்கும் 'கொடு' கொம்பை இழந்தால் 'காடு'. வரியிறுதி 'விழா' காலை இழந்தால் 'விழ'. மேல்வரியில் புள்ளி அறுந்தால் 'கல்' 'கல' ஆகிவிடும். மெய்க்குப் புள்ளியை இலக்கணமாக்கிய தொல்காப்பியர் இந்த விபத்தை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். இன்னும் கொடியது 'ஓடாக் குதிரை' போன்ற தொடர்கள் வரியிடையில் பிரியும் இடம். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். இலக்கணம் கெடுத்தது ஈற்றை மட்டும். இவர்கள் எதிர்மறையையே கெடுத்துவிட்டார்கள். மாணவன் 'ஓட' என்று படித்துப் பொருள் எழுதினால் மதிப்பெண் குறைப்பது யாருக்கு?

தாள் விலை என்பார்கள். கணக்கு பொய்யில்லை. 14 × 21.5 செ.மீ. டெம்மி பக்கத்தில் சுற்றிலும் 2 செ.மீ. விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 58 விழுக்காடு; 1 செ.மீ. விட்டால் 78. புதிதாக எழுத்துக் கோத்தால் 200 பக்க நூல் 150இல் அடங்கும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஒளிநகல் எடுக்கும் மறுஅச்சில் ஒரு பக்கமும் மிச்சமாகாதே! ஓரத்தை விழுங்குவதால் அங்கே எவருக்கும் லாபமில்லை, அசட்டையைத் தவிர வேறு காரணமுமில்லை. போதாக்குறைக்கு, பசை ஒட்டிய முதுகு உள்விளிம்பைத் தின்கிறது. நூலகத்தில் மறுகட்டுமானம் செய்பவர் மூன்று பக்கமும் இன்னொரு முறை வெட்டுகிறார்.

ஏட்டில் எழுதியவனுக்கு இந்த அறிவு இருந்தது. இடப்புறம் இடம் விட்டு ஏட்டெண் இட்டான். கயிற்றுத் துளையைச் சுற்றியும் எழுதாமல் விட்டான். ஏடு ஓரத்திலிருந்துதான் ஒடியும், பூச்சி அரிக்கும். அத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் நமக்கு இல்லை. பல பாடல்களில் அடிகள் சிதைந்தே கிடைத்தன. அது கரையான் செய்தது. இப்போது நாமே, பணம் கொடுத்து, செய்துகொள்கிறோம்.

மூலப் பக்கத்தை 90 விழுக்காட்டுக்குச் சுருக்கினாலே போதும், எழுத்து முழுதாக உள்ளே வந்துவிடும். ஸ்கேனிலேயே எழுத்து விடுபட்டிருந்தால் வேறு படியைப் பார்த்து நிரப்பலாம், அல்லது இந்த வரி சிதைந்தது என்று அடியில் ஒரு குறிப்புப் போடலாம். இதற்கும் மனமில்லாதவர் அட்டையில் 'பதிப்பாசிரியர்' என்று போட்டுக்கொள்ள வேண்டாம்; 'நகலெடுத்தவர்' என்றே போட்டுக்கொள்ளட்டும்.