ஹைட்ரஜனுக்கும் மதகு காவல் வேண்டும்

2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்ற இலக்குடன், 2023 ஜனவரியில் தேசிய இயக்கத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. இலக்கு பெரிது, அதன் பாதுகாப்போ சிறியதொரு கருவியையும் சார்ந்திருக்கிறது.

வாகனக் கலன்களில் ஹைட்ரஜன் 350 அல்லது 700 பார் அழுத்தத்தில் அடைக்கப்படுகிறது. எரிபொருள் மின்கலத்துக்குத் தேவையானது அதில் மிகச் சிறு பங்கே. சமையல் எரிவாயு ரெகுலேட்டரைப் போல, அழுத்தச் சீராக்கியே அதைக் குறைத்து அனுப்புகிறது. ஆனால், ஹைட்ரஜன் மணமற்றது. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் தீப்பற்றக்கூடியது. சிலவகை எஃகை நொறுங்கவும் செய்யும்.

கல்லணையில் காவிரியையும் வெண்ணாற்றையும் பிரித்துவிடும் மதகுகளும் ரெகுலேட்டர்களே. மதகில் காவல் தவறினால் வயல் என்னவாகும் என்பதை டெல்டா அறியும். 2017 ஜூன் 30-ல் தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாயில் கசிவு ஏற்பட்டபோது, மக்கள் போராட்டத்தைத் தடியடியும் கைதுகளும் எதிர்கொண்டன. 2020-ல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுத்தது. ஏற்கெனவே நடந்துவந்த பணிகளைத் தொடவில்லை.

‘பசுமை’ என்ற பெயர் மட்டுமே அந்த ஐயத்தைப் போக்காது. சீராக்கி, பாதுகாப்பு வால்வு, கசிவு உணரி ஆகியவற்றின் சோதனை அறிக்கைகள் ஊராட்சிகளுக்குக் கிடைக்க வேண்டும். குழாய் வயலுக்கு வரும் முன்பே அந்த விதி வர வேண்டும்.