நியமன நாற்காலியும் நமது வாக்குச் சீட்டும்

கோலாலம்பூர் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கலாமா, கூடாதா என்று 2025-ஆம் ஆண்டில் பெரிய விவாதம் நடந்தது. தலைவர்கள் அறிக்கை விட்டார்கள். மறுப்பு அறிக்கைக்கு மறுப்பு வந்தது. நல்லதுதான். ஆனால் தலைநகரத்தைப் பற்றிப் பேச இத்தனை வாய்கள் இருக்கும்போது, நம் தோட்டத்துச் செம்மண் பாதை போய்ச் சேரும் சின்னப் பட்டணத்தைப் பற்றிப் பேச ஒரு வாயும் திறக்கக் காணோமே, அது ஏன்? பீடோரிலும் பகாவிலும் கூலிமிலும் கோலசிலாங்கூரிலும் இருப்பவர்கள் மட்டும் மனிதர்கள் இல்லையா?

"நமக்கு எதுக்குங்க இந்த வம்பு? மன்றம் பட்டணத்துக்காரங்க விவகாரம். நாம தோட்டத்து ஆளுங்க" என்று சிலர் சொல்லக்கூடும். தோழர்களே, அந்தக் காலம் மலையேறிவிட்டது. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயத்து வீட்டில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் இன்று பட்டணத்து ஓரத்தில், மலிவு விலை அடுக்குமாடியிலோ தாமானிலோ குடியிருக்கிறார்கள். தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கும் பசார், பள்ளிக்கூடம், கிளினிக், பேருந்து எல்லாம் அந்தச் சின்னப் பட்டணத்தில்தான். அங்கே வடிகால் அடைத்தால் நம் வீட்டுக்குள் வெள்ளம். தெருவிளக்கு எரியாவிட்டால் இருட்டில் நடப்பது நம் பிள்ளை.

இந்தப் பட்டணங்களை ஆளும் சாசனம் எது? தீபகற்ப மலேசியாவில் அது 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது 171-ஆவது சட்டம். இதைத் திருத்த வேண்டும் என்பதுதான் பேச்சு. திருத்தம் என்றால் எதைத் திருத்துவது? தெரிந்துகொள்ள வேண்டிய பிரிவுகள் இரண்டே இரண்டுதான்.

முதலாவது 10-ஆவது பிரிவு. ஒரு மன்றத்தில் தலைவரைத் தவிர 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினர்கள் இருக்கலாம். தலைவரையும் சரி, உறுப்பினரையும் சரி, மாநில அரசே நியமிக்கிறது. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 ஆண்டு. யாரை நியமிக்கலாம்? ஊராட்சி விவகாரத்தில் அனுபவம் உள்ளவர், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்கியவர், அல்லது தம் சமூகத்தின் நலனைப் பிரதிநிதிக்கத் தக்கவர். இந்த மூன்றாவது வாசல் நமக்காகவே வைத்தது போல இருக்கிறது. ஆனால் தக்கவர் யார் என்று முடிவு செய்வது மாநில அரசு. சமூகத்தைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

இரண்டாவது 15-ஆவது பிரிவு. ஊராட்சித் தேர்தல் பற்றிய எந்தச் சட்ட விதியும் இனிச் செல்லாது என்று கதவை இழுத்துச் சாத்தியது இந்தப் பிரிவுதான்.

சாத்துவதற்கு முன் கதவு திறந்துதான் இருந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே, 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும் 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் ஓட்டுப் போட்டு நகராண்மைக் கழக உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1952-இல் வந்த சட்டத்தின்படி புதுக் கிராமங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றங்கள் கிடைத்தன. நமக்கு? தோட்டம் தனியார் நிலமாயிற்றே! நமக்குத் தண்ணீர் என்றாலும் துரை, வடிகால் என்றாலும் துரை, கோயில் திருவிழா என்றாலும் துரையின் உத்தரவு. பக்கத்துப் புதுக் கிராமத்தான் ஓட்டுப் பெட்டியைக் கண்டபோது, நாம் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடக் காத்து நின்றோம். அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் அந்தப் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள் என்று இன்னமும் நிற்கிறோம்.

1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் தற்காலிகமாக நிறுத்தப்பட்டன. 1966 ஆகஸ்டில் மோதல் தீர்ந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை. சில மன்றங்களில் ஊழலும் சீர்கேடும் இருப்பதாக எழுந்த குற்றச்சாட்டை ஒட்டி, 1965-இல் அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் யார் தெரியுமா? நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968-இல் அந்த ஆணையம் அறிக்கை கொடுத்தது. குறைகள் இருந்தாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களே வேண்டும் என்பது அதன் பரிந்துரை. பாத்திரத்தில் அழுக்கு இருந்தால் விளக்கி வைக்கச் சொன்னார் ஆதி நாகப்பன். அரசாங்கமோ பாத்திரத்தையே தூக்கி எறிந்தது. 1976-இல் புதுச் சட்டம் வந்தது, கதவு பூட்டப்பட்டது.

பூட்டைத் திறக்க முயற்சி நடக்காமல் இல்லை. பினாங்கு மாநிலம் 2012-இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2018-இல் ஆட்சி மாறியபோது நம்பிக்கை துளிர்த்தது. இனப் பகைமை வரும் என்று சொல்லி அப்போதைய பிரதமரே வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே, சாவி இருப்பது நாடாளுமன்றத்தில்.

சரி, ஓட்டு இல்லாததால் நமக்கு என்ன நட்டம்?

ஒட்டுக்கடை வைத்துப் பிழைக்கிறவரைப் பாருங்கள். மன்றம் கொடுக்கும் லைசென்ஸை எந்த நேரத்திலும், காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம் என்று 107-ஆவது பிரிவு சொல்கிறது. ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கக் காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை!

வீட்டு வரியைப் பாருங்கள். வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பில் 35 விழுக்காடு வரை வரி போடச் சட்டம் அனுமதிக்கிறது. மாதம் 300 வெள்ளி வாடகை பெறும் வீடு என்றால் ஆண்டு மதிப்பு 3,600 வெள்ளி. அதற்கு உச்சவரம்பு 1,260 வெள்ளி. மன்றங்கள் நடைமுறையில் இதைவிட மிகக் குறைவாகத்தான் போடுகின்றன என்பது உண்மை. ஆனால் கூட்டுவதும் குறைப்பதும் நாம் தேர்ந்தெடுக்காதவர் கையில். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பணம் கட்டும் நமக்கு, அந்தப் பணத்தைச் செலவழிப்பவரை மாற்றும் உரிமை இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரியது நில விவகாரம். தோட்டம் விலை போகிறது. வாங்கியவர் வீடமைப்புத் திட்டம் போடுகிறார். அதற்குத் திட்ட அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உண்டு. வட்டாரத் திட்டம் இல்லாத இடங்களில் பக்கத்து நில உரிமையாளருக்கு நோட்டீஸ் போகும். அவர் ஆட்சேபம் சொல்லலாம். லயத்தில் மூன்று தலைமுறையாக வாழ்ந்தவன் நில உரிமையாளன் அல்லவே! அவனுக்கு நோட்டீஸ் வராது. வருவது கடைசியில் மண்தள்ளும் இயந்திரம்தான். அந்த அனுமதி மேசைக்கு வரும்போது "அங்கே ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது, இத்தனை குடும்பம் இருக்கிறது, இவர்களுக்கு வழி சொல்லிவிட்டு முத்திரை குத்துங்கள்" என்று கையைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். நியமனம் பெற்றவர் தூக்கமாட்டாரா? தூக்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த நியமனமும் அதே இடத்திலிருந்து வரவேண்டும் என்பதை அவரால் மறக்க முடியுமா?

இப்போது எதிர்வாதத்துக்கு வருவோம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. நம்மிலேயே விவரம் தெரிந்த பெரியவர்கள் கேட்கிறார்கள்: "தம்பி, நாட்டில் நாம் 100-க்கு சுமார் 7 பேர். நியமனம் என்றால் கட்சிப் பங்கீட்டில் நமக்கு ஒன்றிரண்டு நாற்காலி உறுதி. தேர்தல் வைத்தால் அதுவும் போய்விடாதா?"

இதற்கு வரலாறு ஒரு பதில் வைத்திருக்கிறது. 1957-இல் ஜார்ஜ் டவுன் மாநகரமானபோது அதன் முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். ராமநாதன். சீனர் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம் அது. மக்கள் ஓட்டுப் போட்ட மன்றம் ஒரு தமிழரை மேயர் ஆக்கியது. இன்றும் பினாங்கில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. ஈப்போவிலும் சீனரே அதிகம். அங்கே நகர மன்றத்தைக் கைப்பற்றி நடத்தியது சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி. இவர்களுக்கு யாரும் இனப் பங்கீட்டில் நாற்காலி ஒதுக்கவில்லை. வடிகாலுக்கும் வீட்டு வரிக்கும் நின்றார்கள். சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஓட்டுப் போட்டார்கள். நியமன முறை வந்த பிறகு, மன்றத்தில் நமக்குக் கிடைப்பது 'இந்தியர் இடம்' என்ற ஒரு மூலை. அந்த மூலையில் உட்கார்ந்தவர் ஊர் முழுவதற்கும் தலைவராவதைக் கனவு காணவும் முடிவதில்லை.

ஆயினும் வரலாறு ஒன்றையே நம்பி இறங்கச் சொல்லவில்லை. தேர்தல் முறையை எப்படி அமைப்பது என்பதில்தான் நம் பிழைப்பு இருக்கிறது. பட்டணத்தை 24 சிறு தொகுதிகளாகப் பிரித்து, தொகுதிக்கு ஒருவர் என்று வைத்தால், எங்கும் சிதறிக் கிடக்கும் நாம் எங்கும் தோற்கலாம். பெரியவர்கள் பயப்படுவது இதற்குத்தான். அதற்குப் பதில், மன்றப் பகுதி முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து, வாங்கிய ஓட்டின் வீதப்படி இடங்களைப் பகிர்ந்தால்? 24 இடத்தில் ஒன்று என்பது 100-க்கு சுமார் 4 ஓட்டு. நூற்றுக்கு ஏழு பேர் ஒரு பட்டியலுக்குப் போட்டால் ஓர் இடம் நிச்சயம். கொஞ்சம் பிறர் ஆதரவும் சேர்ந்தால் இரண்டு. யார் தயவும் வேண்டாம். இந்த விகிதாச்சார முறை நமக்கு மட்டும் அல்ல, சீனர் அதிகமுள்ள பட்டணத்தில் மலாய்க்காரருக்கும், மலாய்க்காரர் அதிகமுள்ள பட்டணத்தில் சீனருக்கும் பாதுகாப்பு. இனப் பகைமை வரும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே மருந்து.

ஆகவே சட்டத்தைத் திருத்துவது என்றால் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

ஒன்று: 15-ஆவது பிரிவை நீக்கி, 10-ஆவது பிரிவில் தேர்தலைச் சேர்க்க வேண்டும். தலைநகரத்தை வைத்து மல்லுக்கட்டுவதற்குப் பதில், மாவட்ட மன்றங்களில் முதலில் தொடங்கட்டும். சின்ன வயலில் விதைத்துப் பார்த்துவிட்டுப் பெரிய வயலுக்குப் போவதுதான் விவசாயி வழக்கம்.

இரண்டு: இடங்கள் ஓட்டு வீதப்படி பகிரப்பட வேண்டும்.

மூன்று: மன்ற எல்லைக்குள் இருக்கும் தோட்டத்தில் குடியிருப்பவருக்கும், தாமானில் இருப்பவருக்கு உள்ள அதே ஓட்டு வேண்டும். தனியார் நிலம் என்ற சாக்கு இனிச் செல்லக் கூடாது. நிலம் துரையுடையதாக இருக்கலாம். அதில் வாழும் குடிமகன் நாட்டுடையவன்.

நான்கு: லைசென்ஸை ரத்துச் செய்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். திட்ட அனுமதி கேட்கப்படும் நிலத்தில் குடியிருப்பவருக்கு, உரிமையாளர் இல்லையென்றாலும், நோட்டீஸ் போக வேண்டும். இது ஊராட்சிச் சட்டத்தோடு 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டத்தையும் தொடும். தொடட்டுமே.

சட்டம் திருந்தும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் திறந்தவை என்று இதே சட்டம் சொல்கிறது. தனித் தீர்மானம் போட்டால்தான் வெளியே அனுப்ப முடியும். நம்மவர் நாலு பேர் போய்ப் பின்வரிசையில் உட்காரட்டும். வாயே திறக்க வேண்டாம். உட்கார்ந்தாலே போதும், பேசுகிறவர் பேச்சு மாறும். வட்டாரத் திட்ட வரைவு காட்சிக்கு வரும்போது நில உரிமை இல்லாதவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். கோயில் நிர்வாகமும் பள்ளிப் பெற்றோர் சங்கமும் அதைத் தவறவிடக் கூடாது.

இன்னொன்று. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார். ஆனால் அடையாளக் கார்டில் பழைய தோட்டத்து விலாசம் இருந்தால், ஓட்டும் பழைய தோட்டத்திலேயே கிடக்கும். தோட்டமே இல்லாமல் போயிருக்கும். விலாசம் மட்டும் உயிரோடு இருக்கும்! முதல் வேலையாகத் தேசியப் பதிவிலாகாவுக்குப் போய் விலாசத்தை மாற்றுங்கள். அடுத்த பொதுத் தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரே கேள்வி கேளுங்கள்: "ஐயா, 15-ஆவது பிரிவை எடுக்கக் கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?" சுற்றி வளைத்துப் பேசினால் விடாதீர்கள். ஆம், இல்லை என்ற இரண்டில் ஒன்றை வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

கொடுத்த நாற்காலி கொடுத்தவனுக்கே சொந்தம். அவன் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்துதான் ஆகவேண்டும். ஓட்டால் வந்த நாற்காலி ஊருக்குச் சொந்தம். சின்னப் பட்டணம்தானே என்று விட்டுவிட்டால், நாளைக்கு நம் பேரப்பிள்ளைகளும் பேர் கூப்பிடக் காத்து நிற்பார்கள். அவர்களைப் பெரட்டுக் களத்திலிருந்து ஓட்டுச் சாவடிக்கு அழைத்துச் செல்வது நம் கடமை.