முதலில் அளவுகோலை அளப்போம்

இந்தியாவின் சரக்குப் போக்குவரத்து, கிடங்குச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 13–14 விழுக்காடு என்று பல்லாண்டுகளாக ஓதினோம். வளர்ந்த நாடுகளின் 8 விழுக்காட்டோடு ஒப்பிட்டு நாணினோம். 2023 டிசம்பரில் என்சிஏஇஆர் ஆய்வு நிறுவனம் முறையாக மதிப்பிட்டபோது, 2021–22ஆம் ஆண்டுச் செலவு 7.8 முதல் 8.9 விழுக்காடே.

கிடங்குகள் ஓரிரவில் திருந்திவிடவில்லை, எண்தான் திருந்தியது.

‘பெஞ்ச்மார்க்’ என்னும் சொல் நில அளவையர் கல்லில் செதுக்கிய நிலைக்குறியிலிருந்து பிறந்தது. அசையும் கல் குறியாகாது. கணக்கிட்ட முறையை வினவாமல் அப்பழைய எண்ணை ஆய்வேட்டின் முதற்பத்தியில் வழிமொழிந்த நாமும் இப்பிழைக்குப் பொறுப்பாளிகளே. கிடங்கு வாயிலில் லாரி எத்தனை மணிநேரம் காத்துக்கிடக்கிறது என்று அளக்காமல், நாடுகளை மட்டும் தரவரிசைப்படுத்தும் ஒப்பீடு எந்தக் கிடங்கையும் திருத்தாது.