இறாலை முனி அடிக்குமா?

நாகை ஜில்லாவில் கடலோரத்து ஊர் ஒன்றிற்குச் சென்ற மாதம் பிரச்சாரத்திற்குப் போயிருந்தோம். மறுநாள் காலையில் அவ்வூர்த் தோழர்கள் இறால் குட்டைகளைப் பார்க்க எங்களை அழைத்துப் போனார்கள். ஒரு குட்டையின் கரையில் பூசணிக்காய் உடைத்துக் கிடந்தது. நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் குத்திய கம்புகள் நட்டிருந்தன. விசாரித்ததில், மூன்று நாட்களுக்கு முன் விடியற்காலையில் இறால்கள் கரையோரம் ஒதுங்கிச் செத்துக் கிடந்தன என்றும், அது முனி போகிற பாதை என்று ஒரு பூசாரி சொன்னதன் பேரில் முதலாளி பரிகாரம் செய்திருக்கிறார் என்றும் சொன்னார்கள்.

அன்றிரவு ஏரேட்டர் ஓடிற்றா என்று கேட்டோம். டீசல் செலவுக்குப் பயந்து நடுநிசியில் நிறுத்திவிடச் சொல்லி உத்தரவு என்று காவலுக்கு இருந்த வாலிபன் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னான். முனி யார் என்பது அப்போதே தெரிந்து போயிற்று.

தோழர்களே! தண்ணீரில் உள்ள பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்குகிறது. இரவில் வெயில் இல்லை. ஆனால் இறாலும், அந்தப் பாசியும், அடிச்சேற்றிலுள்ள கிருமிகளும் மூச்சு விட்டுக்கொண்டேதான் இருக்கின்றன. ஆகவே, இரவெல்லாம் அந்த வாயு குறைந்துகொண்டே வந்து, பொழுது விடிவதற்குச் சற்று முன்புதான் மிகக் குறைவான அளவுக்கு வந்து நிற்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறாலுக்கு ஆபத்து. மூட்டமான நாளாயிருந்தால் பகலில் சேர்ந்ததே குறைவு, சொல்லவே வேண்டாம். முனிக்கும் இதே நேரம்தான் பிடிக்கிறது என்றால், முனியும் இந்தக் கணக்கைப் படித்திருக்க வேண்டும்!

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தக் காவல்கார வாலிபன் பக்கத்தில் வந்து நின்று, “அய்யா, இதெல்லாம் எங்கே சொல்லித் தர்றாங்க? நான் பன்னிரண்டாம் வகுப்பு முடிச்சிருக்கேன்” என்று கேட்டான். அவன் தகப்பனார் கட்டுமரத்தில் கடலுக்குப் போய் வயதானவர். அவரிடம் பேசியபோது, “மீனைப் பத்தி எங்க குலத்துக்கு வேற ஒருத்தன் வந்து சொல்லிக் குடுக்கணுமாங்க? அது ரத்தத்துல இருக்கு” என்றார்.

பெரியவர் மேல் நமக்குக் கோபமில்லை. அவர் காற்றையும் நீரோட்டத்தையும் அறிந்தவர். நம்மைப் போன்ற நாலு பிரசங்கிகளைக் கடலில் விட்டால் கரை சேர்க்கக் கூடியவர். ஆனால் அந்த அறிவு அவர் ரத்தத்தில் வரவில்லை, நாற்பது வருஷம் உப்புக் காற்றில் நின்று கற்றுக்கொண்டது. அன்றியும் பிடிப்பது வேறு, வளர்ப்பது வேறு. மானை வேட்டையாடத் தெரிந்தவனுக்கு மாடு வளர்க்கத் தானாகத் தெரிந்துவிடுமா? குலம் என்று ஒன்றைச் சொல்லியே ஒருவனை வலையோடும், ஒருவனை ஏரோடும், ஒருவனை மலக்கூடையோடும் கட்டி வைத்தவர்கள், அந்தக் கட்டையே பெருமையாக நினைக்கும்படியும் செய்துவிட்டார்கள். மச்சாவதாரம் என்று மீனுக்குப் பூவும் நீரும் போடுகிறவன், மீன் கூடை சுமந்து வரும் பெண் தெருவில் நுழைந்தால் மூக்கைப் பிடிக்கிறான்.

இயற்கையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தால் என்ன, கேள்வி கேட்டால் என்ன என்பதற்கு மீன் வளர்ப்பிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய கெண்டைகள் குளத்தில் வளருமே தவிர, தேங்கிய தண்ணீரில் முட்டையிடா. மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் வந்து, அங்கே அவை முட்டையிட்டு, குஞ்சை வாரிக்கொண்டு வந்தால்தான் உண்டு. 1957 ஆம் வருஷம் ஜூலை 10 ஆம் தேதி ஒரிஸாவில் அங்குல் என்னும் ஊரில் ஹிராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் தலைக்குள் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு, கெண்டையை மனிதன் சொன்ன இடத்தில் முட்டையிட வைத்தார். வருண ஜபத்துக்கு வராத குஞ்சு ஊசிக்கு வந்தது. அந்தத் தேதியைத்தான் இன்று தேசிய மீன் வளர்ப்போர் தினம் என்று கொண்டாடுகிறார்கள்.

நிற்க. இந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ளச் சொல்கிற நாம், இத்தொழில் செய்த கேட்டையும் மறைக்கக்கூடாது. 1990-க்குப் பிறகு பணக்காரக் கம்பெனிகள் தஞ்சை, நாகைக் கடலோரத்தில் நெல் விளைந்த நிலங்களை வாங்கிக் குட்டை வெட்டின. பக்கத்து வயலும் குடிதண்ணீர்க் கிணறும் உப்பாயின. நடவுக்கும் அறுப்புக்கும் போன தாழ்த்தப்பட்ட மக்கள் வேலையிழந்தார்கள். சர்வோதயக்காரரான ஜெகந்நாதன் வழக்குப் போட்டு, 1996 டிசம்பர் 11 ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு கடலோரக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் இருந்த இறால் பண்ணைகளை அப்புறப்படுத்தவும் நஷ்டஈடு கொடுக்கவும் தீர்ப்புச் சொல்லிற்று. அவர் காந்தியார் வழி. நம் வழி வேறு. ஆனாலும் கிணறு உப்பானவனுக்கு அவர் நின்றார் என்பதைச் சொல்லாமலிருப்பது யோக்கியமாகாது. பின்னர் 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு இல்லாமல் பண்ணை வைக்கக்கூடாது என்றும், பெரிய பண்ணைகள் கழிவு நீரைச் சுத்தி செய்தே வெளியில் விட வேண்டும் என்றும் ஏற்பட்டது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது. வாய்க்காலில் இருக்கிறதா என்பதை வாய்க்காலை முகர்ந்து பார்த்தால் தெரியும்.

அதே காலத்தில் வெள்ளைப்புள்ளி நோயும் வந்தது. 1994, 95-இல் கருப்பு இறால் குட்டை குட்டையாகச் செத்தது. அது ஒரு வைரஸ். வந்தபின் அதற்கு மருந்தில்லை. பத்து நாளைக்குள் குட்டை காலியாகும். நோயுள்ள தாய் இறாலின் குஞ்சு, நண்டு, செத்த இறாலைத் தின்ன வரும் பறவை, நோய்க் குட்டையிலிருந்து விட்ட தண்ணீர், இவற்றால் பரவுகிறது. ஆதலால் பி.சி.ஆர். சோதனை செய்த குஞ்சை வாங்குவதும், கரையைச் சுற்றி நண்டு ஏறாமல் வேலி கட்டுவதும், தண்ணீரைத் தேக்கிக் கிருமி நீக்கி விடுவதும்தான் காப்பு. நாம் பார்த்த குட்டைக்காரர் பூசாரிக்கும் கோழிக்கும் கொடுத்திருக்கிறார். குஞ்சுக்குச் சோதனை செய்யவில்லை.

இப்போது பூசாரிக்குப் போட்டியாக இன்னொருவரும் கிளம்பியிருக்கிறார். மோட்டார் சைக்கிளில் பெட்டி நிறைய பாட்டிலோடு வருகிறார். இது குடலுக்கு, இது சேற்றுக்கு, இது நோயெதிர்ப்புக்கு என்று கையில் திணிக்கிறார். தண்ணீரைச் சோதிப்பதில்லை, இறாலை நுண்ணாடியில் வைப்பதில்லை. முன்பு இப்படித்தான் குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற மருந்துகளைக் கொட்டினார்கள். அவை இறாலில் தங்கியிருந்ததால் ஐரோப்பாவில் சரக்கைத் திருப்பியடித்தார்கள். இங்கும் அவை தடை செய்யப்பட்டன. விபூதிக்குப் பதில் பாட்டில் என்றால் அதற்குப் பெயர் விஞ்ஞானம் அல்ல. படித்துப் பட்டம் வாங்கியவர் சொன்னாலும், ஏன், எப்படி, எதைப் பார்த்துச் சொல்கிறீர் என்று கேட்கத் தெரிந்தவனே பயிற்சி பெற்றவன்.

அப்படியானால் பயிற்சி எங்கே? சென்னையில் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1987 முதல் இருக்கிறது. மண்டபத்தில் கடல் மீன் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. அங்கே கூண்டில் கடல் விறாலை வளர்த்து, அதன் கழிவில் பக்கத்துத் தெப்பத்தில் கடற்பாசி வளரும்படி செய்து காட்டியிருக்கிறார்கள். ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவு, கடலும் கெடவில்லை. சீர்காழியில் ராஜீவ்காந்தி மையம். தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி. 2012-இல் நாகையிலேயே மீன்வளப் பல்கலைக்கழகம். நாம் போன ஊரிலிருந்து அது பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் அந்த வாலிபன் அதன் வாசலைப் பார்த்ததில்லை.

பல இடங்களில் மூன்று நாள் பயிற்சி என்று ஒன்று நடத்துகிறார்கள். ஒரு பை, ஒரு நோட்டு, மத்தியானச் சாப்பாடு, முடிவில் போட்டோவுடன் சான்றிதழ். அந்தச் சான்றிதழுக்குக் குங்குமம் வைத்து மாட்டியிருந்த ஒரு பண்ணையையும் பார்த்தோம். வெனாமி இறாலுக்குக் குஞ்சு விட்டது முதல் பிடிப்பது வரை சுமார் 100 முதல் 120 நாள் ஆகும். குட்டையைக் காயவைப்பது தொடங்கி, செக் டிரேயைத் தூக்கித் தீனி மிச்சம் பார்ப்பது, நடுராத்திரியில் தண்ணீரைச் சோதிப்பது, கடைசியில் கழிவு நீர் எங்கே போகிறது என்று வாய்க்கால் முடிவு வரை நடந்து பார்ப்பது வரை, ஒரு முழுப் போகம் கூடவே இருக்காமல் இதை எவன் கற்க முடியும்? அந்த நாட்களுக்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை நான்கு மாதம் கூலியில்லாமல் கற்பது நடக்கிற காரியமல்ல. கூடை சுமக்கும் பெண்களையும் அழைக்க வேண்டும்; தண்ணீரைச் சோதிக்கும் கருவி, பிடிப்பவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை.

ஒரு தோழர், “இது ஆச்சாரியாரின் குலக்கல்வி மாதிரி அல்லவா இருக்கிறது? மீனவன் மகன் மீன்தான் படிக்க வேண்டுமா?” என்று கேட்டார். நல்ல கேள்வி. 1953-இல் வந்த அந்தத் திட்டம், பாதி நாள் பள்ளிக்கூடத்தை மூடி, அப்பன் தொழிலுக்குப் பிள்ளையை விரட்டிற்று. 1954-இல் அது ஒழிந்தது. நாம் கேட்பது, பள்ளிக்கூடத்தை முழுவதும் முடித்தவன், தான் விரும்பினால், விஞ்ஞானமாகக் கற்கும் படிப்பு. மீனவன் மகள் டாக்டருக்குப் படிக்கட்டும், பள்ளன் மகனும் பார்ப்பான் மகனும் இறால் வளர்க்கட்டும். யாருக்கும் எந்தக் கதவும் பிறப்பால் அடைக்கப்படக்கூடாது. இன்று நடப்பது என்னவென்றால், நிலத்தை உடையவன் முதலாளி, வெளியூரான் டெக்னீஷியன், கடலோரத்தான் ராத்திரிக் காவல்காரன். இதுவும் ஒருவகை வருணாசிரமம்தான்.

பெரியவர் கடைசியில் ஒரு போகத்திற்குப் பையனை விடுகிறேன் என்றார். ஆனால் காவல் வேலையை விட்டால் மறுபடி சேர்க்கமாட்டேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆதலால், கடலோர ஜில்லாக்களில் பதிவுள்ள பண்ணை வைத்திருக்கும் தோழர்கள் யாராவது, கூலியோடு ஒரு போகம் அவனை வைத்துக் கற்றுக்கொடுக்கச் சம்மதித்தால் நமது ஆபீசுக்கு எழுதலாம். அவனைப் போல இன்னும் மூன்று பேர் அவ்வூரில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி பெண்.