டேப்லெட்டா லேப்டாப்பா என்று யாரைக் கேட்டோம்?

மே மாதக் கடைசி வாரத்தில் எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாலும் நம்மைப் போன்ற ஒரு குடும்பம் கவுன்ட்டர் முன்னால் நின்றுகொண்டிருக்கும். அப்பா, "பையன் படிக்கிறதுக்கு எது சார் நல்லா இருக்கும், டேப்லெட்டா லேப்டாப்பா?" என்று விற்பனையாளரைக் கேட்பார். அம்மா, "கேம் எல்லாம் ஓடாதுல்ல?" என்பார். விற்பனையாளர் ரேம், ஸ்டோரேஜ், வட்டியில்லாத தவணை என்று ஒப்பிப்பார். ஏழாம் வகுப்பு முடித்த பையன் காட்சிக்கு வைத்திருக்கும் டேப்லெட்டில் மெல்ல விரல் வைப்பான். "கைய எடுடா" என்போம். பில் போட்டு வெளியே வரும்வரை அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, "கறுப்பு வேணுமா, நீலம் வேணுமா?" என்பதுதான்.

இதை வைத்து நீ என்ன செய்யப் போகிறாய் என்று நம்மில் எத்தனை பேர் பிள்ளையிடமே கேட்டிருக்கிறோம்?

கேட்காமல் முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை இது. 2007இல் ஆசஸ் நிறுவனம் ஈ பிசி என்று ஏழு அங்குலத் திரையோடு ஒரு குட்டி லேப்டாப்பைக் கொண்டுவந்தது. அந்த வகைக்கு நெட்புக் என்று பெயர் வந்தது. 2010இல் ஐபேட் வந்த பிறகு சில ஆண்டுகளிலேயே நெட்புக் என்ற பெயர் கடைகளிலிருந்து மறைந்துவிட்டது. ஆனால் பொருள் மறையவில்லை. பதினொன்றிலிருந்து பதினான்கு அங்குலத் திரை, 4 ஜிபி ரேம் என்று, மாணவர்களுக்கான லேப்டாப்பாகவும் குரோம்புக்காகவும் அது இன்றும் விற்கிறது. ஒரு நல்ல டேப்லெட்டின் விலைக்கே கிடைப்பதால்தான் நமக்குக் குழப்பம்.

விலை ஒன்றாக இருக்கலாம், இரண்டும் செய்கிற வேலை வேறு. டேப்லெட் பார்க்கவும் படிக்கவும் வரையவும் நல்லது. பாடநூலின் பிடிஎஃபைத் திறந்து, மடியில் வைத்துப் படிக்கலாம். படம் வரைகிற பிள்ளைக்குப் பேனாவோடு வரும் டேப்லெட் பெரிய வரப்பிரசாதம். ஆனால் நான்கு பக்கம் தட்டச்சு செய்ய வேண்டுமென்றால் திணறும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுக்கும் பிள்ளை பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் எழுத வேண்டும். பத்து வரி நிரலைத் திரையில் தோன்றும் விசைப்பலகையில் ஒரு தடவை நீங்களே அடித்துப் பாருங்கள். எழுத்துக்கு ஒரு பலகை, அடைப்புக்குறிக்கு இன்னொரு பலகை என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பாதித் திரையைப் பலகையே மறைத்துக்கொள்ளும். எந்த வரியில் தப்பு என்று தேட மேலே தள்ளினால் எழுதிக்கொண்டிருந்த இடம் போய்விடும். அரை மணி நேரம் இப்படிப் போராடிய பிள்ளை, தனக்கு கம்ப்யூட்டர் வரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. நாமும் நம்பிவிடுகிறோம்.

குட்டி லேப்டாப்பிலும் குறை உண்டு. விண்டோஸ் 11க்குக் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும். அந்த அளவோடு வாங்கினால் திறக்கும்போதே இழுக்கும், சீக்கிரமே இடம் போதவில்லை என்று மக்கர் செய்யும். அதற்குக் கொடுக்கிற பணத்துக்கு, அலுவலகங்கள் கழித்துவிட்ட லேப்டாப்பை 8 ஜிபி ரேமோடு, எழுத்தில் வாரன்டி வாங்கிக்கொண்டு, சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் வாங்குவது மேல். புதுசு இல்லையே என்று தயங்குவது பெரும்பாலும் பிள்ளை அல்ல, நாம்தான்.

இதையும் சொல்லியாக வேண்டும். அண்ணனுக்கு லேப்டாப், தங்கைக்கு அப்பாவின் பழைய போன் என்று இருக்கிற வீடுகள் நம் தெருவிலேயே இல்லையா? அவளும் அதே பிளஸ் டூதானே எழுதுகிறாள்?

வீட்டுக்குள் வருவோம். சாயங்காலம் ஆறு மணி. கோச்சிங் நிறுவனம் பாடங்களை ஏற்றிக் கொடுத்த டேப்லெட்டோடு எட்டாம் வகுப்புப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அடுப்படியிலிருந்து, "இன்னைக்கு வீடியோ முடிச்சிட்டியா?" என்று குரல் வருகிறது. "முடிச்சிட்டேம்மா." முடித்திருக்கிறாள்தான். வேகத்தை இரண்டு மடங்காக வைத்து ஓடவிட்டு, கடைசியில் வரும் பச்சை டிக்கை வாங்கிவிட்டாள். அந்த டிக் நம் போனுக்கும் செய்தியாக வருகிறது. நிம்மதியாகக் குக்கரை இறக்குகிறோம்.

அவளுக்கு என்ன புரிந்தது என்று கேட்க அந்த டேப்லெட் வந்த பிறகு எத்தனை நாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தோம்?

காலாண்டுத் தேர்வு முடிவு வருகிறது. கணக்கில் நாற்பத்தெட்டு. உடனே நம் வாயிலிருந்து, "முப்பதாயிரம் போட்டு வாங்கிக் குடுத்தோமே, எதுக்கு?" என்று வருகிறது. மாதா மாதம் தவணை கட்டும் தேதியில் இன்னொரு தடவை. சொந்தக்காரர்கள் முன்னால் இன்னொரு தடவை. நம் அப்பாக்கள் நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தார்கள், நோட்டு விலையை மார்க்கோடு சேர்த்துக் கணக்குப் பார்த்தது கிடையாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, தான் கேட்காத ஒரு கடனுக்கு மார்க்கால் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. நம் நோக்கம் நல்லதுதான். ஓவர்டைம் பார்த்து, சீட்டு எடுத்து, நமக்கு வேண்டியதைத் தள்ளிப்போட்டு வாங்கிக் கொடுக்கிறோம். அந்தக் கஷ்டம் உண்மை. ஆனால் அந்தக் கஷ்டத்தைச் சொல்லிச் சொல்லியே அந்தப் பொருளைப் பிள்ளை பயத்தோடு தொடும்படி ஆக்கிவிட்டோம். கீழே விழுந்து திரையில் கீறல் விழுந்தால் அதை ஒரு வாரம் உறைக்குள் மறைத்து வைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பயந்து மறைக்கிற பழக்கம் அங்கே ஆரம்பித்தால், கேம் விஷயத்தில் மட்டும் பிள்ளை நம்மிடம் எப்படி வெளிப்படையாக இருக்கும்?

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் பையனின் கட்டைவிரல் ஒரு தள்ளு தள்ளுகிறது, திரையில் அறிவியல் பாடம். நமக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். கேம் விளையாடுவான் என்று தெரிந்தேதான் வாங்கினோம், படிப்புக்கு என்று பெயர் மட்டும் வைத்தோம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைலையும் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயரையும் மத்திய அரசு தடை செய்தபோது அப்பாடா என்றோம். பப்ஜி 2021 ஜூலையிலேயே வேறு பெயரில் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டது. அது நம் பிள்ளைகளுக்கு நமக்கு முன்பே தெரிந்திருந்தது. அரசாங்கத் தடை வீட்டில் நாம் பேச வேண்டியதைப் பேசாது.

இலவசமாக இறக்கிக்கொள்ளும் டேப்லெட் விளையாட்டுகளில் பலவற்றுக்கு முடிவு என்பதே இல்லை. தினம் வந்தால் ஒரு பரிசு, ஒரு நாள் வராவிட்டால் சேர்த்தது போச்சு, புது உடைக்குப் பணம், புதுத் துப்பாக்கிக்குப் பணம். திரும்பத் திரும்ப வரவைக்கும்படி பெரியவர்கள் உட்கார்ந்து வடிவமைத்தது அது. அதை எதிர்த்து நிற்க முடியாத பத்து வயதுப் பிள்ளையை, "உனக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று திட்டுகிறோம். கிராபிக்ஸ் கார்டு இல்லாத குட்டி லேப்டாப்பில் புதிய பெரிய விளையாட்டுகள் ஓடாது. மைன்கிராஃப்ட் போன்றவை ஓரளவு ஓடும். அதைவிட முக்கியம், அங்கே விளையாட்டைப் பிள்ளையே செய்து பார்க்கலாம். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாகி 2007இல் வெளிவந்த ஸ்கிராட்ச், எட்டு வயதிலிருந்து பதினாறு வயதுவரை உள்ளவர்களுக்கானது. காசு கிடையாது, பிரவுசரிலேயே திறக்கும். ஒரு பூனையை அம்புக்குறி விசையால் நடக்கவைத்த பிள்ளையின் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் கேமையே ஒட்டுமொத்தமாகத் திட்ட மாட்டார்கள்.

நேரக்கட்டுப்பாடு வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நாம் எப்படிச் செய்கிறோம்? நான்கு பேர் அணியாக ஆடும் ஆட்டம் ஒன்று முடிய அரை மணி நேரம்கூட ஆகலாம். இருபதாவது நிமிஷத்தில் போய்ப் பிடுங்குகிறோம். மற்ற மூன்று பேரை நட்டாற்றில் விட்டுவிட்டு வந்தவன் என்று மறுநாள் வகுப்பில் அவன் பேச்சு வாங்குகிறான். தெருவில் கிரிக்கெட் ஆடுகிறவனைக்கூட ஓவர் முடியட்டும் என்று விடுகிறோமே, இங்கே ஏன் அந்த மரியாதை இல்லை?

இரண்டிலிருந்து நான்கு வயதுவரை உள்ள குழந்தைக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கும் கீழே உள்ள குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது. ஆகவே சோறு ஊட்ட டேப்லெட் வாங்குகிறவர்களோடு விவாதிக்க எனக்கு எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தனக்கென்று ஒரு கருவி எந்தப் பிள்ளைக்கும் தேவையில்லை என்பது என் கருத்து. ஆறாம் வகுப்புக்குமேல், வாங்கியே ஆக வேண்டுமென்றால், விசைப்பலகை உள்ளதை வாங்கி ஹாலில் வையுங்கள். வரைகிற பிள்ளைக்கு மட்டும் டேப்லெட்.

தமிழ்நாடு அரசின் 2025-26 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி, அதுவும் அவரவர் விருப்பப்படி, என்று அறிவித்தார்கள். 20 லட்சம் பேரின் விருப்பத்தைப் பற்றி ஓர் அரசாங்கத்தால் பேச முடிகிறது. ஒரே ஒரு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்க நமக்கு என்ன தடை?

இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு தாளைக் கொடுத்து, எதற்கெல்லாம் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். முதல் வரியில் கேம் என்று இருந்தால் அடித்துவிடாதீர்கள். எந்த கேம், ஒரு ஆட்டம் எவ்வளவு நேரம், யாரோடு ஆடுவாய், காசு கேட்குமா என்று விசாரியுங்கள். பதில் சொல்லச் சொல்ல, டேப்லெட்டா லேப்டாப்பா என்பது பாதி முடிவாகிவிடும். எதை வாங்கினாலும் பிள்ளையின் வயதைச் சரியாகப் போட்டுத் தனிக் கணக்கு தொடங்குங்கள். உங்கள் வங்கிக் கார்டை மட்டும் அதில் இணைக்காதீர்கள்.